தளவாய் வேலுத்தம்பியும் கன்பூசியஸும்

அதிகாரத்தில் இருப்பவன் யாருக்கு விசுவாசமா இருக்கணும்? மன்னனுக்கா, நியாயத்துக்கா? கன்பூசியஸ் வாசிக்கும்போது திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: மன்னனை ஏமாற்றாதே, தவறினால் நேரில் சொல், நேர்மையாகப் பணி செய்ய வழியில்லை என்றால் விலகு. அவரே லூ நாட்டில் வகித்த பதவியை விட்டு வருடக்கணக்கில் நாடு நாடாக அலைந்தவர்.

இந்த அளவுகோலை எங்க ஊர் ஆள் ஒருவர்மேல் வைத்துப் பார்த்தேன். இரணியல் பக்கம் தலக்குளத்தில் 1765-ல் பிறந்த வேலுத்தம்பி.

1799-ல் திருவிதாங்கூர் அமைச்சர் ஜயந்தன் நம்பூதிரி ஊர்ப் பிரமுகர்களிடம் கட்டாய வசூலில் இறங்கினார். வேலுத்தம்பி ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போய் மன்னரிடமே முறையிட்டார். அமைச்சர் பதவி போயிற்று. இதை கன்பூசியஸ் ஏற்றிருப்பார்.

தளவாய் ஆனபிறகு கதை மாறுகிறது. முறைகேடு செய்தவர்களுக்குக் கசையடி, காது மூக்கு அறுப்பு. பயத்தால் அடங்குபவனுக்குத் தப்பு செய்ய வெட்கம் வராது என்பது கன்பூசியஸின் கட்சி. 1804-ல் படிக்காசைக் குறைத்ததால் நாயர் படை கலகம் செய்தது. கம்பெனி உதவியோடு அடக்கினார். அடுத்த வருடமே புது ஒப்பந்தம்: கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அதைக் கட்ட முடியவில்லை. நண்பராக இருந்த ரெசிடென்ட் மெக்காலே கடன்காரனைப்போல நெருக்கினார். (கல்விக் கொள்கை மெக்காலே இல்லை, அவருடைய பெரியப்பா.)

1809 ஜனவரி 11-ல் குண்டறா அறிக்கை, போர். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை விழுந்தது. அப்போது அவர் மன்னரிடம் சொன்னது: எல்லாப் பழியையும் என்மேல் போட்டு சமாதானம் செய்துகொள்ளுங்கள். மன்னரும் அப்படியே செய்தார். புதிய திவானின் ஆட்களே அவரைத் தேடிப்போனார்கள். மண்ணடி கோயிலில் உயிரை விட்டார். உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தூக்கிக் கட்டினார்கள்.

பாடப்புத்தகத்தில் அவர் வீரர். வீரம் உண்மைதான். ஆனால் எனக்குப் படுவது வேறு. 'இது முடியாது' என்று சொல்லி விலக வேண்டிய வருடம் 1805. அன்று கையெழுத்துப் போட்டார். நாலு வருடம் கழித்து அதற்கான விலையை மன்னர் தலையில் கட்டாமல் தானே கொடுத்தார். தப்பும் அவருடையது, விசுவாசமும் அவருடையது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வேலுத்தம்பி முழுசாகத் தெரிவார்.