ராதர்ஹித் அகழி மாளிகை

ராதர்ஹித் அகழி மாளிகை, லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த இடைக்கால அரச இல்லம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் (ஆட்சி 1327–1377) இதை 1350களில் கட்டினார். மாளிகை அழிந்துவிட்டது, சுவர்களின் அடிப்பகுதியும் அகழியின் தடமும் எஞ்சியுள்ளன.

பின்னணி: இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த மனைகள் சுமார் 6,000 அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடையே அமைக்கப்பட்டவை. கிழக்கு ஆங்கிலியா, மிட்லாண்ட்ஸ் பகுதிகளின் களிமண் நிலங்களில் இவை மிகுதி. பெரும்படையை இவ்வகழிகள் தடுத்திரா. திருடரை விலக்கவும், மனையில் தேங்கும் நீரை வடிக்கவும், மீன் வளர்க்கவும் பயன்பட்டன. நிலக்கிழாரின் அந்தஸ்தையும் ஊருக்குக் காட்டின. ராதர்ஹித் மாளிகை இம்மரபில் சற்றுப் பிந்தியது.

அமைப்பு: சதுப்பு நிலத்தினிடையே தாழ்வான ஒரு தீவுத்திட்டில் மாளிகை எழுந்தது. முற்றத்தைச் சுற்றிக் கற்கட்டடங்கள் இருந்தன: வாயில் மாடம், பெரிய கணப்படுப்புடன் கூடிய மண்டபம், மன்னரின் தனியறைகள். மூன்று பக்கங்களில் அகழி. வடக்கே அகழி தேவைப்படவில்லை, ஆறே எல்லையாக இருந்தது. அகழிக்குத் தெற்கே மற்றொரு முற்றமும், அதன் கிழக்கே ஒரு மண்கரையும் இருந்தன.

பயன்பாடு: வின்சர் கோட்டை, எல்தம் அரண்மனை ஆகியவற்றோடு எட்வர்டுக்குச் சிறிய இல்லங்கள் பல இருந்தன, அவற்றுள் இது ஒன்று. இங்கு வல்லூறு வேட்டை நடந்ததை அரண்மனைக் கணக்குகள் உணர்த்துகின்றன. நீர்ப்பறவைகள் தங்கும் ஆற்றோரச் சதுப்பு அதற்கு ஏற்ற இடமே.

பிற்கால வரலாறு: காலப்போக்கில் நிலமட்டம் உயர்த்தப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. தனியார் கைக்கு மாறிய இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் மட்பாண்டத் தொழிற்கூடம் இயங்கியது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கிடங்குகள் எழுந்தன. மாளிகையின் சில சுவர்களை இடிக்காமல் கிடங்குச் சுவர்களாகவே பயன்படுத்திக்கொண்டனர். அதனால் அவை மேலும் சில நூற்றாண்டுகள் நின்றன. எஞ்சியவையும் பின்னர் இடிக்கப்பட்டன.

இன்றைய நிலை: 1980களில் லண்டன் அருங்காட்சியகத் தொல்லியலாளர்கள் அகழாய்வு செய்து மாளிகையின் தரைப்படத்தை மீட்டனர். இப்போது இவ்விடம் புல்வெளியாகப் பேணப்படுகிறது. பழைய அகழி புல் மூடிய பள்ளமாகவும், மாளிகை நின்ற இடம் தாழ்ந்த கற்சுவர் வரிசைகளாகவும் தெரிகின்றன. இது சட்டப் பாதுகாப்புப் பெற்ற தொல்சின்னம்.