பச்சையின் வாட்டமும் மறுகுத்தும்: வடசென்னைக் கடற்கரை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குத்திய பச்சை மங்கும்போது அதனை மீண்டும் குத்திப் பொலிவூட்டுதல் எவ்வாறு ஒரு தனித் தொழிலாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மையின் இயல்பும் குத்துவோரின் வாழ்நிலையும் மாறியதே இதற்கு அடிப்படை எனக் கொள்கிறது. மறுகுத்து, உடலில் எஞ்சியிருக்கும் வரலாற்றுச் சான்றினை மறைத்துவிடுகிறது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பச்சைகுத்துதல், மறுகுத்து, குறத்தியர், தர்ஸ்டன், வடசென்னை, இராயபுரம்.

முன்னுரை

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரை வட்டாரத்தில் இன்று இருவகைப் பச்சைகளைக் காணலாம். மூத்த பெண்களின் முன்கைகளில் புள்ளிக்கோலம், தேள், உறவினர் பெயர் ஆகியன கரும்பச்சையாய்ப் பரந்து கிடக்கின்றன. இளைஞர்களின் தோள்களிலும் கழுத்துகளிலும் எந்திர ஊசியால் இழைத்த பல வண்ண உருவங்கள் திகழ்கின்றன. முன்னவை ஐம்பது, அறுபது ஆண்டுகள் கடந்தும் அழியவில்லை. பின்னவற்றுக்கோ சில ஆண்டுகளிலேயே 'டச்சப்' தேவைப்படுகிறது. பழையது நிலைக்கப் புதியது மங்குவது ஏன் என்ற எளிய வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

பச்சை என்னும் சொல்

தமிழில் பச்சை என்பது நிறத்தை மட்டும் குறிப்பதன்று. பச்சைக் காய், பச்சைப் புண், பச்சைப் பிள்ளை என வாடாமையையும் ஆறாமையையும் இளமையையும் அது சுட்டும். பச்சைகுத்துதலில் நிறப்பொருளே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் குத்தப்படும் மை பச்சையன்று; கரியே. கரித்துகள் தோலின் உள்ளடுக்கில் தங்கும்போது, அதன்மேல் படும் ஒளி சிதறுவதாலும் மேலடுக்கின் பழுப்பு அதனோடு கலப்பதாலும் நம் கண்ணுக்கு நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுகிறது. குத்திய அன்று கருமையாக இருப்பது புண் ஆறிய பின்னரே பச்சையாகிறது. ஆகவே இவ்வழக்கத்துக்குப் பெயரிட்டோர் ஆறி, அடங்கி, நிறம் மாறிய நிலையையே அதன் இயல்பான நிலையாகக் கொண்டனர் எனலாம். இன்றைய தொழிற்கூடங்கள் குறையெனக் காட்டும் நிலையும் ஏறத்தாழ இதுவே.

குறத்தியரின் மை

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் குறவர் பெண்களின் பச்சைகுத்துத் தொழிலைக் குறித்துள்ளார். மரபான முறையில் மஞ்சளும் அகத்தியிலையும் துணியில் பொதிந்து திரியாக்கப்பட்டு எண்ணெயில் எரிக்கப்படும். கவிழ்த்த சட்டியில் படியும் கரியை நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து, கட்டிய ஊசிகளால் புள்ளி புள்ளியாகக் குத்துவர். பின்னர்க் குளிர்ந்த நீரால் கழுவி மஞ்சள் பூசுவர். அகத்தியே பச்சை நிறத்தைத் தருகிறது என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. எரிந்து கரியான இலையில் பச்சை எஞ்ச வழியில்லை. எனினும் அந்நம்பிக்கை தாய்மார் வழியே நெடுங்காலம் கடத்தப்பட்டுள்ளது.

இம்முறையில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, கரி. ஒளியால் சிதையாத நிறமிகளுள் தலையாயது அது. இரண்டாவது, மஞ்சள். பொலிவுக்கும் வீக்கம் தணியவும் அது பூசப்பட்டது. அதாவது, பச்சையை நன்றாக நிலைக்கச் செய்யும் வேலை முழுவதும் குத்தும் நாளிலும் அதையடுத்த சில நாள்களிலுமே முடிந்துவிடுகிறது. அதன்பின் பேணல் என ஒன்றில்லை. கோடு பரந்து தடித்தால் அதனை யாரும் பழுதாகக் கருதவுமில்லை. கோலத்தின் புள்ளி எண்ணிக்கை தெரிந்தால் போதும். வாசற்கோலத்தையும் பச்சைக்கோலத்தையும் ஒப்பிட்டு 1937இல் கட்டுரை எழுதிய ஜான் லேயார்டு, இவ்வுருவங்களைச் சிக்கல்வழிச் சடங்கோடு இணைத்தார். அவரது முடிவுகள் அனைத்தையும் ஏற்க இயலாது. ஆனால் அவ்வுருவங்கள் அழகுக்காக மட்டும் குத்தப்பட்டவை அல்ல என்ற அவரது அடிப்படைக் கருத்து வலுவானது.

குறத்தியர் ஊர் ஊராகத் திரிந்தவர்கள். விட்டுப்போன புள்ளியை அடுத்த வருகையில் நிரப்பியிருக்கக்கூடும். அது தனி வணிகமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. இத்திரிதலையே அரசு குற்றமாக்கியது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, குறவர் பிரிவுகள் பல அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதி வேண்டியிருந்தது. சென்னையில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. பச்சைகுத்துக் கலை மங்கியதற்கு நாகரிக மாற்றத்தை மட்டும் காரணங் காட்டுவோர், அதைச் செய்த கைகள் கட்டப்பட்டிருந்ததை மறந்துவிடுகின்றனர்.

துறைமுகப் பச்சை

தர்ஸ்டனின் இரண்டாம் தொகுதியில் யுரேசியர் பற்றிய பகுதி வடசென்னை ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. அவர் அளந்து பதிந்த ஆடவர்களின் உடலில் நங்கூரம், நீராவிக் கப்பல், பாய்க்கப்பல், இதயம், சிலுவை, தம் பெயரும் அன்புக்குரியோர் பெயரும் சுட்டும் முதலெழுத்துகள் முதலியன இருந்தன. கோலமும் தேளும் இல்லாத வேறோர் உருவத் தொகுதி இது. இராயபுரம் இருப்புப்பாதை நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. 1870களில் தொடங்கி 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து மீண்டும் எழுந்த துறைமுகம் அதற்கு அருகே வளர்ந்தது. கப்பலும் இருப்புப்பாதையும் கூடிய இடத்தில் மாலுமிகளின் உருவங்கள் பரவியதில் வியப்பில்லை. குறத்தியிடம் மகளிரும் துறைமுகக் குத்தாளரிடம் ஆடவரும் என இரு மரபுகள் ஒரே நகரில் அருகருகே இயங்கின எனக் கொள்வது பொருந்தும்.

பின்னாளில் அரசியல் இவற்றோடு சேர்ந்தது. 1972இல் அ.தி.மு.க.வைத் தொடங்கிய எம்.ஜி.ஆர்., கட்சியினர் கொடியைப் பச்சைகுத்திக்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொண்டதும் அது எழுப்பிய சர்ச்சையும் அறியப்பட்டவை. கொடிக்கு வண்ணம் முதன்மை. கரி மட்டும் போதாத நிலை இங்கே தோன்றுகிறது.

மங்குதலின் பொறிமுறை

நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி, எடிசனின் மின்பேனாவை அடியொற்றி 1891இல் மின்னெந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த எந்திரங்கள் மெல்லிய கோட்டையும் நிழலையும் வண்ணத்தையும் இயலச் செய்தன. ஆனால் சிவப்பு, மஞ்சள் முதலிய கரிம நிறமிகள் பல வெயிலில் சிதைவன. மெல்லிய கோடு சிறிது பரந்தாலும் உருவம் கெடும். பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் காட்டியபடி, தோலின் உள்ளடுக்கில் நிறமியை விழுங்கி வைத்திருக்கும் உயிரணுக்கள் மடியும்போது அதனை வெளிவிட, புதிய உயிரணுக்கள் மீண்டும் விழுங்குகின்றன. பச்சை அசையாமல் கிடப்பதன்று. உடல் அதனைக் கைமாற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே இன்றைய மறுகுத்தில் இருவகை உண்டு. பொருக்கு உதிரும்போது நிறமும் சேர்ந்து போன இடத்தைச் சில வாரங்களில் நிரப்புவது ஒன்று. ஆண்டுகள் கழித்து வண்ணத்தை மீட்பது மற்றொன்று. முதலாவது குத்தியவரின் வேலையை நிறைவாக்குவது. இரண்டாவது வெயிலோடு நடத்தும் முடிவற்ற வழக்கு.

அவ்வழக்கில் காசிமேட்டு மீனவர் தோற்பது உறுதி. புண் ஆறும்வரை கடல்நீர் படக்கூடாது, வெயில் ஆகாது, களிம்பு பூசுக என்பன தொழிற்கூட அறிவுரைகள். அவை தேவையற்றவை அல்ல. ஆறாத பச்சையுடன் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஒருவர் கடல் நுண்ணுயிரித் தொற்றால் இறந்தது 2017இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளது. ஆனால் மறுநாள் விடியலில் வலையை இழுக்க வேண்டிய கைக்கு அவ்வறிவுரை எவ்வாறு பொருந்தும்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலமே விசைப்படகுத் தொழிலாளிக்குப் புண் ஆற்ற வாய்த்த காலம். அப்போது கையில் பணம் இருப்பதில்லை என்பது வேறு.

அழிக்க விரும்பிய குறிகள்

எல்லாக் குறியும் பொலிவாக இருக்க வேண்டுமென எவரும் விரும்பியதில்லை. கம்பெனி ஆட்சியில் வங்காளத்தில் 1797இலும் பின்னர்ச் சென்னையிலும் கைதிகளின் நெற்றியில் குற்றம் குத்தப்பட்டது. 1849இல் அது ஒழிக்கப்பட்டது. கைதிகள் தலைப்பாகையைத் தாழக் கட்டியும் முடியை வளர்த்தும் அதனை மறைத்ததைக் கிளேர் ஆண்டர்சன் (2004) விரிவாகக் காட்டுகிறார். அதற்கும் முன்னதாக, சோழர் காலக் காளத்திக் கல்வெட்டொன்று, அரண்மனை இலச்சினை தவறுதலாக இடப்பட்ட தேவரடியார்க்கு அதனை நீக்கிச் சூலக்குறி இட ஆணையிட்டதைக் கூறுகிறது. அது சூட்டுக்குறி, பச்சையன்று. எனினும் ஒரு குறியை நீக்கி மற்றொன்றை இடுதல் உடைமை மாற்றத்தின் மொழி என்பதை அது தெளிவாக்குகிறது. இன்று படைப்பணிக்கு முயலும் இளைஞர் லேசர் கருவியை நாடுகின்றனர். இந்தியத் தரைப்படை பொதுவாக முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே பச்சையை ஏற்கிறது.

மறுகுத்தும் சான்றும்

மறுகுத்தில் பழைய கோட்டின்மேல் புதுக்கோடு ஏறுகிறது. ஊசிக்கட்டின் இடைவெளி, புள்ளிகளின் எண்ணிக்கை, பெயரின் எழுத்துவடிவம் ஆகியன அதனடியில் மறைகின்றன. பாட்டியின் கைப்பச்சையைப் பேத்தி அன்பால் புதுப்பித்துத் தரும்போதும் இழப்பு இதுவே. அவ்வன்பைக் குறைகூறுவதற்கில்லை; கை அவருடையது, காப்பகத்தினுடையதன்று.

கல்வெட்டியலார்க்கு இச்சிக்கல் புதிதன்று. திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகள் முதலில் ஏட்டில் படியெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. படி எஞ்சியது, பழைய எழுத்தின் வடிவம் போயிற்று. உடற்பச்சைக்கு அவ்வேடும் இல்லை. வடசென்னையில் களப்பணி செய்வோர் உருவத்தின் பெயரையும் பொருளையும் கேட்பதோடு நில்லாமல், உடையவரின் இசைவுடன் அளவுகோலிட்ட ஒளிப்படமும், குத்தியவர், மை, மறுகுத்து நிகழ்ந்ததா என்ற குறிப்பும் எடுத்தல் வேண்டும். தொழிற்கூடக் கலைஞரும் இதில் தகவலாளரே. மேலே புதுக்கோட்டை இடுமுன் பழைய கோட்டைக் கடைசியாகக் கூர்ந்து பார்ப்பவர் அவர்தாம். பலர் அதனைத் தம் கைப்பேசியில் படமெடுத்தும் வைத்துள்ளனர்.