குழாயின் முதுகில் ஒரு கோடு



பைப் வளைக்கும் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், புதுசா ஒரு சிஎன்சி மெஷின் வந்திருக்கு. பைப்பை மாட்டினதும் வளைக்காம, ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்குது. வெல்டிங் கோட்டைத் தேடுதாம். இதுக்குப் போய் இவ்வளவு செலவு பண்ணணுமா?" நல்ல கேள்வி. இதற்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் கணக்கு. 50 மி.மீ. விட்டமுள்ள குழாயை, மையக்கோட்டின் ஆரம் 100 மி.மீ. வரும்படி 90 பாகை வளைக்கிறோம் என்று வையுங்கள். வளைவில் மையக்கோட்டின் நீளம் 157 மி.மீ. வெளிப்புறத்தில் ஆரம் 125, நீளம் 196. உட்புறத்தில் ஆரம் 75, நீளம் 118. அதாவது வெளிப்புறம் கால் பங்கு இழுபடுகிறது, உட்புறம் கால் பங்கு நெருக்கப்படுகிறது. இழுபடும் இடத்தில் தகடு மெலியும். நெருக்கப்படும் இடத்தில் சுருக்கம் விழப் பார்க்கும். இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. வெல்டிங் கோடு மற்ற இடத்தைவிடக் கடினமானது, அவ்வளவாக நீளாது. அது வெளிப்புறத்தில் வந்து மாட்டினால் விரிசல் விடலாம். பக்கவாட்டில் இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

இந்தக் கோடு எப்படி வந்தது? இரும்புத் தகட்டைச் சுருட்டி, விளிம்புகளைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்துத்தான் ஒரு காலத்தில் துப்பாக்கிக் குழல் செய்தார்கள். இங்கிலாந்தில் நிலக்கரி வாயு விளக்குகள் வந்த புதிதில், வாயுவைக் கொண்டுசெல்லப் பழைய துப்பாக்கிக் குழல்களை முனையோடு முனை சேர்த்துப் பயன்படுத்தினார்கள். 1825ல் வெட்னஸ்பரி ஊரில் கார்னீலியஸ் வைட்ஹவுஸ் ஒரு காப்புரிமை பெற்றார். காய்ந்து சிவந்த தகட்டை மணி வடிவ அச்சு வழியாக இழுத்தால் இரண்டு விளிம்புகளும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். நீளமான குழாய் மலிவாகக் கிடைத்தது, கூடவே கோடும் வந்தது.

அந்தக் கோட்டையே ஒழிக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊர்ச் சகோதரர்கள் ரைன்ஹார்ட் மானெஸ்மான், மாக்ஸ் மானெஸ்மான். அவர்கள் குடும்பத்தொழில் அரம் செய்வது. சாய்வாக வைத்த உருளைகளுக்கு நடுவே காய்ந்த இரும்புத் தண்டைச் சுழலவிட்டால் அதன் நடுப்பகுதி திறந்துகொள்வதைப் பயன்படுத்தி, 1880களில் ஒட்டே இல்லாத குழாய் செய்தார்கள். அப்படிப்பட்ட குழாய் இருந்ததால்தான் 1925ல் பௌஹவுஸ் பள்ளியின் மார்செல் பிராயர், சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்துவிட்டு, வளைத்த குழாயில் நாற்காலி செய்ய முடிந்தது. அன்றைய ஒட்டுக்குழாய் வளைத்தால் தாங்காது.

அப்படியானால் கோடு ஒழிந்திருக்க வேண்டுமே? ஒழியவில்லை. காரணம் விலை. 1886ல் எலிஹு தாம்சன் மின்சாரத்தால் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வளர்ந்த தொழில், தகட்டுச் சுருளை ஓடவிட்டு ஓடவிட்டே குழாயாக்கியது. நம் ஆவடியில் 1955ல் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனமும் மின்சாரத்தால் பற்றவைத்த குழாய் செய்வதுதான். சைக்கிள், நாற்காலி, வண்டியின் சைலன்சர் என்று எல்லாவற்றுக்கும் இதுவே போதும். கோட்டை மட்டும் சரியான பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

அதைச் செய்தது ஆளின் கண்ணும் கட்டைவிரலும். குழாயைக் கையில் உருட்டிப் பார்த்து, சாக்பீஸால் குறி போட்டு, டையில் வைப்பார்கள். இந்தத் திறமை எந்தக் காப்புரிமையிலும் இல்லை. ஆனால் வளைத்த குழாய் வெடித்தால் பழி முதலில் அந்த ஆள் மேல்தான் விழும்.

1952ல் அமெரிக்காவின் எம்ஐடியில் எண்களால் இயங்கும் இயந்திரத்தைக் காட்டினார்கள். பிறகு அந்த முறை குழாய் வளைப்புக்கும் வந்தது. எவ்வளவு தள்ள வேண்டும், எவ்வளவு சுழற்ற வேண்டும், எவ்வளவு வளைக்க வேண்டும் என மூன்று எண்கள் போதும். ஆனால் குழாய் எந்தப் பக்கம் திரும்பி வந்திருக்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. ஆள் மாட்டும்வரை அவர் பார்த்துக்கொண்டார். கட்டிலிருந்து குழாய் தானாக உருண்டு வந்து ஏறத் தொடங்கியபோது பார்க்க ஆள் இல்லை. அப்போதுதான் இயந்திரத்துக்கே கண் தேவைப்பட்டது.

அந்தக் கண் பெரும்பாலும் ஒரு கம்பிச்சுருள்தான். பத்தாம் வகுப்பில் ஃபாரடே படித்தது நினைவிருக்கிறதா? மாறுமின்னோட்டம் பாயும் சுருளை உலோகத்தின் அருகே கொண்டுபோனால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். உலோகத்தின் தன்மை மாறினால் அதுவும் மாறும். டேவிட் ஹியூஸ் 1879லேயே இப்படி உலோகங்களைப் பிரித்தறிந்தார். பிறகு ஃப்ரீட்ரிக் ஃபோர்ஸ்டர் இதை முறையான சோதனைக் கலையாக வளர்த்து, 1948ல் ராய்ட்லிங்கனில் நிறுவனம் தொடங்கினார். குழாய் ஒரு முழுச்சுற்று சுற்றும்போது வெல்டிங் கோடு சுருளைக் கடக்கும் இடத்தில் சிக்னல் மாறும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டு இயந்திரம் குழாயைத் திருப்புகிறது. சில இயந்திரங்களில் கேமரா இருக்கும். பூச்சும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை ஏமாற்றும்.

இனி என் மாணவருக்கான பதில். தம்பி, ஒரே வளைவு, ஆளே மாட்டுகிறார் என்றால் சாக்பீஸ் போதும். ஆயிரக்கணக்கில் ஓடினால் செலவு தகும். ஆனால் ஒன்றை மறக்காதே. முதல் வளைவில் பக்கவாட்டில் இருக்கும் கோடு, குழாயை 90 பாகை சுழற்றினால் அடுத்த வளைவில் வெளிப்புறத்துக்கோ உட்புறத்துக்கோ போய்விடும். எல்லா வளைவிலும் அதைக் காப்பாற்ற முடியாது. எந்த வளைவு ஆபத்தானது என்று பார்த்து, கோடு எங்கே வரலாம் என முடிவு செய்ய வேண்டும். வெடித்த குழாய்களை இத்தனை வருடம் பார்த்த பெரியவர் ஒருவர் உங்கள் பட்டறையில் இருப்பார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் மெஷின் பக்கத்தில் உட்கார வை. சுருள் கோட்டைக் கண்டுபிடிக்கும். அதை எங்கே வைப்பது என்று அவரைக் கேள்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டு இரும்பு நாற்காலியின் கால் ரப்பரைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நீளவாக்கில் ஒரு மேடு தெரிந்தால் அதுதான் கோடு. விரலை விடாதீர்கள், கிழித்துவிடும். வளைவில் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து எழுதுங்கள்.