போர்க்காலச் சட்டமும் மக்களாட்சியும்

பெங்களூரில் சேஷாத்திரி சாலையை ஒட்டி இன்று சுதந்திரப் பூங்கா விளங்கும் இடம், முன்னாளில் மத்தியச் சிறைச்சாலையாக இருந்தது. நம் குழந்தைகள் ஓடி விளையாடும் அவ்விடத்தில் பழைய காவற்கோபுரம் இன்றும் நிற்கின்றது. அதனைக் காணும் அன்பர்கள் சிந்திக்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு.

பகைவன் எல்லையில் நிற்கையில், அரசு சில உரிமைகளை நிறுத்தி வைப்பதை மக்கள் மனமுவந்து ஏற்கின்றனர். பகைவன் அகன்ற பின்னர் அவ்வுரிமைகள் மீள்கின்றனவா என்பதே வினா.

முதல் உலகப் போரின்போது, 1915இல், ஆங்கில அரசு இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1918இல் போர் ஓய்ந்தது. ஆயினும் விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரத்தை விட மனமின்றி, 1919இல் ரௌலட் சட்டத்தைக் கொணர்ந்தது. அதனை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியின் நடுவேதான் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது.

அஃது அயலார் ஆட்சி எனலாம். நம் ஆட்சியில் நிகழ்ந்தது யாது? சீனப் படையெடுப்பை முன்னிட்டு 1962 அக்டோபர் 26ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஒரு திங்களுக்குள் போர் நின்றது. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. இடையே 1965இல் தமிழகத்தில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி எழுந்தபோது, கலைஞர் மு. கருணாநிதி பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். சீனரை எண்ணி வகுத்த சட்டம், மொழியுரிமை கேட்டவர்மீது பாய்ந்தது.

1971 டிசம்பர் 3ஆம் நாள், பாகிஸ்தான் போரையொட்டி மீண்டும் நெருக்கடி நிலை வந்தது. இரு வாரங்களில் வெற்றி கிட்டியும் அவ்வறிவிப்பு விலக்கப்படவில்லை. அது நடப்பிலிருக்கும்போதே, 1975 ஜூன் 25ஆம் நாள் உள்நாட்டு நெருக்கடி நிலையும் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றக் குழுப் பணிக்காகப் பெங்களூர் வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே முதலியோர் மறுநாளே கைது செய்யப்பெற்று இச்சிறைக்கு வந்தனர். நடிகை சினேகலதா ரெட்டி 1976இல் இங்கே விசாரணையின்றி அடைக்கப்பட்டார். ஆஸ்துமா நோயால் நலிந்த அவ்வம்மையார், 1977 ஜனவரியில் வெளிவந்த சில நாள்களிலேயே உயிர் நீத்தார்.

அவ்வாண்டுத் தேர்தலில் மக்கள் தம் தீர்ப்பை வழங்கினர். 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இரண்டு காப்புகளை அளித்தது. நெருக்கடி நிலை நீடிக்க, ஆறு திங்களுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் ஒப்புதல் தரல் வேண்டும். உயிருக்கும் உடலுரிமைக்குமான பாதுகாப்பை எந்நிலையிலும் நிறுத்தி வைத்தல் இயலாது.

போர்க்காலத்தில் விட்டுக்கொடுத்த உரிமை தானே திரும்புவதில்லை. மக்கள் கேட்டுப் பெறுதல் வேண்டும். அடுத்தமுறை அப்பூங்காவிற்குச் செல்லும் பெற்றோர், காவற்கோபுரத்தைச் சுட்டி இவ்வரலாற்றைத் தம் மக்களுக்கு எடுத்துரைப்பாராக!