முற்றிய உணவுக்குழாய்ப் புற்றுநோய்

தொண்டைக்கும் இரைப்பைக்கும் நடுவே சுமார் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடும் தசைக்குழாயின் உட்சுவரில் தோன்றுவது உணவுக்குழாய்ப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி அந்த ஓராண்டில் உலகில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்கும், இந்தியாவில் சுமார் 70,000 பேருக்கும் இந்நோய் வந்தது. இவர்களில் பெரும்பாலோர் மருத்துவரிடம் வந்து சேரும்போதே நோய் முற்றியிருக்கும். அந்த நிலையில் குடும்பத்தார் புரிந்துகொள்ள வேண்டியதையும், பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கம் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருப்பவர்கள் எங்கே போகலாம் என்பதையும் இக்கட்டுரை சொல்கிறது.

தாமதத்துக்கு நோயாளியின் அலட்சியம் காரணமல்ல. உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும். பாதிக்கு மேல் அடைபட்ட பிறகுதான் விழுங்கச் சிரமம் தெரியும். முதலில் சப்பாத்தியும் கறித்துண்டும் நெஞ்சில் நிற்கும். பிறகு சோறு, அப்புறம் கஞ்சி, கடைசியில் தண்ணீரும் இறங்காது. இதற்குள் அவர் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கப் பழகியிருப்பார். குழைந்த சோறாகக் கேட்பார். 'கேஸ்' என்று மாத்திரை போடுவார். குடலுக்கு இருப்பதுபோல் வெளியுறை இக்குழாய்க்கு இல்லாததால், புற்று சீக்கிரமே சுவரைத் தாண்டி நிணநீர் முடிச்சுகளுக்கும் மூச்சுக்குழாய்க்கும் போய்விடும். குரல் கம்முவதும் தண்ணீர் குடித்தால் இருமல் வருவதும் அதன் அடையாளங்கள்.

இந்தியாவில் அதிகம் காணப்படுவது செதிள் உயிரணு வகை. பீடி, சிகரெட், புகையிலை, மது, பாக்கு ஆகியவை இதற்கான முக்கியக் காரணங்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. நீண்ட கால நெஞ்செரிச்சலும் உடற்பருமனும் சார்ந்த சுரப்பித் திசு வகை, குழாயின் அடிப்பகுதியில் வரும். ஆனால் நோய் வந்த பின் காரணத்தை வைத்து நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது கொடுமை. புகையிலையை விடச் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எண்டோஸ்கோபியில் சதைத்துணுக்கு எடுத்து நோயை உறுதிசெய்வார்கள். எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை சி.டி., பெட் ஸ்கேன்கள் காட்டும். 'முற்றிவிட்டது' என்று மருத்துவர் சொன்னால் குடும்பம் உடனே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நோய் அந்த இடத்திலும் பக்கத்து முடிச்சுகளிலும் மட்டும் இருக்கிறதா, கல்லீரல், நுரையீரல், எலும்பு என்று தொலைவுக்குப் போய்விட்டதா? பக்கத்தில் மட்டும் இருந்தால் குணப்படுத்தும் நோக்கம் இன்னும் உண்டு. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துப் பிறகு அறுவை செய்வதை நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வு 2012இல் நிலைநாட்டியது. அதில் இடைநிலை ஆயுள், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களுக்கு 24 மாதம்; மூன்றும் பெற்றவர்களுக்கு 49 மாதம். தொலைவுக்குப் போயிருந்தால் அது நான்காம் நிலை. அங்கே சிகிச்சை ஆயுளை நீட்டவும் துன்பத்தைக் குறைக்கவும்தான். கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்த ஆய்வு 2021இல் வெளியானது. இடைநிலை ஆயுள் 9.8 மாதத்திலிருந்து 12.4 மாதமானது. விலை மிக அதிகம். கட்டியில் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவைப் பார்க்காமல் அதற்காக வீட்டை அடகு வைக்கக் கூடாது.

நான்காம் நிலையிலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. முதல் வேலை, விழுங்கும் வழியைத் திறப்பது. எண்டோஸ்கோபி வழியாக வைக்கும் விரியும் உலோக ஸ்டென்ட் சில நாட்களிலேயே பலன் தரும். உள்ளிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு மெதுவாக வேலை செய்தாலும் நிவாரணம் நீடிக்கிறது. ஸ்டென்ட் வைத்த பின் முதல் சில நாள் நெஞ்சு வலிக்கலாம். சப்பாத்தி, பிரட், நார்க்கீரை, முருங்கைக்காய், கறித்துண்டு ஆகாது. நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே தண்ணீரோடு சாப்பிட வேண்டும். குழாயின் கீழ்முனையில் ஸ்டென்ட் இருந்தால் இரைப்பை அமிலம் மேலேறும். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வேண்டும். ஸ்டென்ட் சரிப்படாதவர்களுக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் நேரடியாகவோ உணவுக்குழல் வைப்பார்கள்.

நம் வீடுகளில் பெரிய போராட்டமே சாப்பாட்டில்தான். இளநீரும் பருப்புத் தண்ணீரும் மட்டும் கொடுத்தால் உடம்பு கரையும். ராகிக் கஞ்சியில் பால், நெய், பொடித்த பொட்டுக்கடலை சேர்த்து வடிகட்டலாம்; நன்றாக வெந்த முட்டையை மசித்துக் கரைக்கலாம்; தயிர் நல்லது. நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்தபின் பசி தானாகவே அடங்கும். அப்போது 'ஒரே ஒரு வாய்' என்று திணித்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். சாப்பிடாததால் அவர் சாகவில்லை, நோயால்தான் சாப்பாடு நின்றது. ஊட்டிவிடும் மனைவிக்கும் மகளுக்கும் இதை யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டும்.

வலிக்கு மார்ஃபின் சிறந்த மருந்து. முறையாகக் கொடுத்தால் அது அடிமையாக்குவது அரிது, ஆயுளைக் குறைக்காது. மலச்சிக்கல் வரும் என்பதால் மலமிளக்கியையும் கூடவே தொடங்க வேண்டும். விழுங்க முடியாதவருக்குச் சாதாரண மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாம். மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டதால், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இம்மருந்து கிடைப்பது எளிதாகியிருக்கிறது. ரத்த வாந்தி வந்தாலோ, எச்சில்கூட இறங்காவிட்டாலோ, குடித்ததும் புரையேறிக் காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கைக்கெட்டும் அரசு மருத்துவமனை சிவாஜிநகரின் பவுரிங். ஓசூர் சாலையில் 1973இல் தொடங்கிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்தில் கதிர்வீச்சு, கீமோ, வலி நிவாரணம் மூன்றும் உண்டு. ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மற்றவர்களுக்குச் செலவில் 30 சதவீதம், 1.5 லட்சம் வரை. ரேஷன் கார்டை முதல் நாளே கொண்டுபோவது நல்லது. ஹெப்பாளில் உள்ள பாப்டிஸ்ட் மருத்துவமனையின் நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ் கேர்) குழு வீட்டுக்கே வந்து பார்க்கிறது. மாரத்தஹள்ளி அருகே 1999 முதல் இயங்கும் கருணாஸ்ரயா, குணப்படுத்த முடியாத கட்டத்தில் உள்ள புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்கிறது.

'அப்பாவுக்குச் சொல்லிடாதீங்க டாக்டர்' என்பது ஆலோசனை அறை வாசலில் அடிக்கடி கேட்கும் குரல். அன்பில் சொல்வதுதான். ஆனால் பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். மறைப்பதால் அவர் தனியாகிறார், உயில், வங்கிக் கணக்கு, கடைசி விருப்பம் எல்லாம் பேசப்படாமலே போகின்றன. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்பதுதான் முறை. செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரியில் இதற்கான உத்தரவு பிறப்பித்தது.

நோய்த்தணிப்புப் பிரிவை எல்லாம் முடிந்த பின் போகும் இடமாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். கீமோ சீட்டு எழுதும் அன்றே அதற்கும் ஒரு பரிந்துரைச் சீட்டுக் கேட்டு வாங்குங்கள்.