மலாக்காவில் ஒரு பாதிரியார் இல்லம்

மலாக்கா என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவன பரமேஸ்வரனும் போர்த்துகீசியர் கோட்டையும்தாம். சற்றே ஆழ்ந்து கற்றோர், 1781 இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலையும் காஜா பேராங் செட்டிமாரையும் சேர்த்துச் சொல்வர். தெங்கெரா வாயிலருகே இருநூறு ஆண்டுகட்கு முன் ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் நடத்திய இல்லறத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்குக் கல்வி வரலாறு கற்பித்தவர், ‘ஆங்கிலோ-சீனக் கல்லூரி, 1818’ என்று கரும்பலகையில் எழுதினார். நாங்களும் எழுதிக்கொண்டோம், தேர்விலும் எழுதினோம். அக்கல்லூரிக்குப் பின்னால் ஓர் அடுப்படியும் ஒரு தொட்டிலும் இருந்தன என்பதைப் பல ஆண்டு கழித்தே அறிந்தேன்.

வில்லியம் மில்ன் ஸ்காத்லாந்தில் 1785 இல் பிறந்தவர். இளமையில் தந்தையை இழந்து ஆடு மேய்த்தவர். லண்டன் மிஷனரி சங்கத்துக்கு அவர் விண்ணப்பித்தபோது, நேர்காணல் செய்த பெரியோர் அவரது நாட்டுப்புறத் தோற்றத்தைக் கண்டு தயங்கினர். போதகராக அன்றி வேலைக்காரராக அனுப்பினால் போவீரா என்று கேட்டனர். தண்ணீர் சுமக்கவும் விறகு வெட்டவும் ஆயத்தம் என்றாராம். 1812 ஆகஸ்டில் ரேச்சல் அம்மையாரை மணந்தார். அடுத்த மாதமே இருவரும் கப்பலேறினர். 1813 ஜூலையில் மக்காவில் இறங்கிய சில நாட்களிலேயே, அங்கு ஆண்ட போர்த்துகீசியர் வெளியேறுமாறு ஆணையிட்டனர். சீன நாட்டுக்குள் வெளிப்படையாகச் சமயப் பணியாற்ற வழியில்லை. ஆகவே சீனர் பலர் குடியேறியிருந்த, அக்காலம் ஆங்கிலேயர் வசமிருந்த மலாக்கா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1815 மே மாதத்தில் அவர்கள் இங்கு வந்திறங்கியபோது அம்மையார் கையில் இரட்டைக் குழந்தைகள். அவை நடுக்கடலில் பிறந்தவை. ஒரு மாதமே ஆகியிருந்தது. மூத்த மகள் அமீலியா இன்னும் இரண்டு வயது நிரம்பாதவள். ஊர் புதிது, மொழி புதிது, தாயகத்துக்குக் கடிதம் எழுதி மறுமொழி பெற ஓராண்டு வரை செல்லும்.

அந்த வீட்டில் அன்றாடம் நடந்ததை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் மில்ன் ஒரு பள்ளி தொடங்கினார். இடம் எது? குதிரை கட்டும் கொட்டில்! அதைத் துப்புரவு செய்து வகுப்பறையாக்கினார்கள். முதல் நாள் வந்த பிள்ளைகள் ஐவர். சம்பளம் இல்லாத பள்ளி என்பதைச் சீனப் பெற்றோர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஐயுற்றனர். அதே மாதத்தில் சீன மொழியில் ஒரு மாத இதழும் வெளிவரலாயிற்று. மக்காவிலிருந்து உடன் வந்த லியாங் பா என்ற அச்சுத்தொழிலாளி, பலகையில் எழுத்தைச் செதுக்கி அதை அச்சிட்டார். ஒருபுறம் பலகை செதுக்கும் ஓசை, மறுபுறம் பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகள், உள்ளே அழும் கைக்குழந்தைகள். இவற்றுக்கிடையே மில்ன் சீனம் படித்தார். அம்மொழியைக் கற்க மெத்தூசலாவின் ஆயுள் வேண்டும் என்று அவரே ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார். நம் வழக்கில் மார்க்கண்டேயன் ஆயுள் எனலாம்.

அவ்வில்லத்துக்கு வந்துபோன ஒருவரைத் தமிழாசிரியர்கள் மறக்கலாகாது. அவர் முன்ஷி அப்துல்லா. மலாக்கா கம்போங் பாலியில் பிறந்தவர். ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம் செய்துகொண்ட அரபியரின் வழித்தோன்றல். பாதிரிமாருக்கு மலாய் கற்பித்தார். மில்னிடம் ஆங்கிலம் கற்றார். அவர் எழுதி 1849 இல் அச்சான ‘ஹிகாயாட் அப்துல்லா’வில், தாம் சிறுவயதில் இரண்டரை ஆண்டு தமிழ் படித்ததைக் குறிப்பிடுகிறார். மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கமாம். கணக்கெழுதவும், ஊர் நிறைய இருந்த இந்திய வணிகரோடு பேசவும் அது பயன்பட்டதாம். பால்மரம் இந்நாட்டுக்கு வருமுன்னரே, தோட்டத் துண்டு தொடங்குமுன்னரே, இவ்வூரில் தமிழ் கல்விமொழியாய் நின்றது என்பதற்கு ஒரு மலாய் நூலே சான்று. மாணவர்க்கு இதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடுவதுண்டு.

மில்னின் அலுவல்கள் பெருகின. 1817 இல் ஆங்கில இதழ் ஒன்றும் தொடங்கினார். அவ்வாண்டு மெதர்ஸ்டும் அடுத்த ஆண்டு வேறு சிலரும் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தனர். இவையெல்லாம் நூல்களில் உள்ளன. அவர்களுக்கு முதல் வேளைச் சோறு போட்ட கை எது என்பதை வரலாற்றாசிரியர் எழுதுவதில்லை. நான் முதன்முதல் பணியேற்ற தோட்டத்தில் பள்ளியை ஒட்டியே ஆசிரியர் குடியிருப்பு. மரம் வெட்டப் போகும் தாய்மார் விடியுமுன் பிள்ளைகளை எங்கள் வாசலில் விட்டுச் செல்வர். அவர்களுக்குத் தலை வாரிவிட்டதும் கஞ்சி கொடுத்ததும் என் மனைவி. பள்ளியின் பதிவேடுகளில் என் கையெழுத்து நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கிறது. அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ரேச்சல் அம்மையாரைப் பற்றிப் படிக்கையில் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.

மலாக்கா வந்தபின் அம்மையாருக்கு 1816 இலும் 1817 இலும் குழந்தைகள் பிறந்து இறந்தன. 1818 நவம்பர் 11 ஆம் நாள் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்குச் சற்று முன்னர்தான் நகரம் மீண்டும் டச்சுக்காரர் கைக்கு மாறியிருந்தது. ஆயினும் கல்லை நாட்டியவர் அதுவரை ரெசிடெண்டாக இருந்த ஆங்கிலேயர் பார்குவார். 1819 தொடக்கத்தில் பிறந்த மகனுக்கும் பார்குவார் என்றே பெயரிட்டனர். அதன்பின் தாய் எழவில்லை. மார்ச் 20 ஆம் நாள் ரேச்சல் அம்மையார் காலமானார், வயது 35. கல்லூரிக் கட்டடம் எழுந்து முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

தாயில்லாப் பிள்ளைகள் நால்வரை வைத்துக்கொண்டு மில்ன் விவிலியத்தைச் சீனத்தில் பெயர்த்து வந்தார். மோரிசனோடு பகிர்ந்துகொண்ட அப்பணியில் உபாகமம் முதல் யோபு வரையுள்ள நூல்கள் இவர் பங்கு. மனைவி மறைந்த அதே ஆண்டு நவம்பரில் மொழிபெயர்ப்பு முழுதும் முடிந்தது. நூல் 1823 இல் அச்சாகி நிறைவுற்றது. அதற்குமுன் 1822 ஜூன் 2 ஆம் நாள் மில்ன் இறந்துபோனார், வயது 37. மலாக்காவில் அவர் வாழ்ந்தது ஏழே ஆண்டு; மனைவியோடு வாழ்ந்தது நான்கு ஆண்டுக்கும் குறைவு.

நீண்ட ஆயுள் வாய்த்திருந்தால் இத்தம்பதியர் வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கும்? அதே சங்கம் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய ராபர்ட் மோபட்டையும் மேரி அம்மையாரையும் நோக்கினால் ஒருவாறு உணரலாம். இருவரும் 1795 இல் பிறந்தவர்கள். ரேச்சல் இறந்த 1819 ஆம் ஆண்டின் இறுதியில் கேப் நகரில் மணந்து, தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டில் குருமான் என்ற இடத்தில் குடியமர்ந்தனர். மோபட் தோட்டக்காரராகப் பயின்றவர். வற்றாத ஊற்றொன்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொணர்ந்து காய்கனி பயிரிட்டார், கொல்லுலையும் அடித்தார், அச்சும் கோத்தார். செத்சுவானா மொழியில் விவிலியம் முழுதும் 1857 இல் முடிந்தது. மேரி அம்மையார் ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு செய்தி: வாரம் ஒருமுறையாவது வீட்டுத் தரையைச் சாணத்தால் மெழுகுகிறாராம். முதலில் அருவருத்தவர், புழுதி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி ஒழிகிறது என்று கண்டு பின்னர் அதை விரும்பலானார். நம் பாட்டிமார் கேட்டிருந்தால், ‘இதைக் கற்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா’ என்றிருப்பர்!

அம்முதிய தம்பதியர்க்கும் துயரம் குறைவில்லை. பத்துப் பிள்ளைகளைப் பெற்றனர், சிலரைப் புதைத்தனர். லிவிங்ஸ்டனை மணந்த மூத்த மகள் 1862 இல் ஜாம்பெசி ஆற்றங்கரையில் காய்ச்சலால் இறந்தாள். ஆயினும் அவர்கள் நட்ட மரங்களின் கனியை அவர்களே உண்டனர். 1870 இல் தாயகம் திரும்பியபோது இருவரும் எழுபத்தைந்தை ஒட்டிய வயதினர். மேரி அம்மையார் சில மாதங்களில், 1871 ஜனவரியில் மறைந்தார். மோபட் 1883 வரை இருந்தார்.

மலாக்காவில் மில்ன் நட்டது வேறிடம் பெயர்ந்தது. கல்லூரி 1843 இல் ஹாங்காங்குக்கு மாற்றப்பட்டது. மாற்றியவர் அதன் தலைவராயிருந்த ஜேம்ஸ் லெக். அவர் 1839 இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பலில், சீனத்துக்குச் சமயப் பணியாற்றச் சென்ற இளைஞர் ஒருவரும் உடன் வந்தார். அவர் பெயர் வில்லியம் சார்லஸ் மில்ன். 1815 இல் நடுக்கடலில் பிறந்து, ஒரு மாதக் குழந்தையாய் மலாக்காத் துறையில் இறங்கிய இரட்டையருள் ஒருவர்.