கொல்லிப்பாவையும் கடல்கோளும்

நற்றிணையில் 201ஆம் பாட்டு கொல்லிமலையைப் பற்றியது. பரணர் பாடியது. காதலில் கரைந்துபோகிற தலைவனைப் பாங்கன் இடித்துரைக்க, தலைவன் பதில் சொல்கிறான். கொல்லியில் தெய்வம் காக்கும் பாவை ஒன்று உண்டு. காற்று மோதினாலும், மழை விரைந்து அடித்தாலும், இடி சினந்து விழுந்தாலும், வேறு எந்த ஊறு நேர்ந்தாலும், நிலமே கிளர்ந்தாலும் அதன் அழகு மாறாது. அவளும் அப்படித்தான் என் நெஞ்சை விட்டுப் போக மறுக்கிறாள் என்கிறான்.

கொல்லிப்பாவை என்றதும் நமக்கு நினைவு வருவது சிரித்துக் கொல்லும் பெண் உருவம். ஒரு சிறுபத்திரிகைக்கே பெயராக வாய்த்த படிமம் அது. ஆனால் பரணரின் இந்தப் பாட்டில் சிரிப்பும் இல்லை, கொலையும் இல்லை. என்னை நிறுத்தியது அந்தப் பட்டியலின் கடைசி உறுப்பு. காற்றும் மழையும் இடியும் மலையில் இருப்பவனுக்கு வருஷந்தோறும் வருபவை. நிலம் கிளர்வது அப்படியல்ல. கொல்லிமலை ஆடுமா?

ஆடும் என்றுதான் சொல்லவேண்டும், அடிக்கடி அல்ல. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரும் இந்த மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம். எரிமலை இல்லை, கண்டத்தட்டின் விளிம்பும் இல்லை. ஆனால் இந்தியத் தட்டு வருஷத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த நெருக்கம் இமயத்தோடு நின்றுவிடுவதில்லை. பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கமாகக் கிழக்கே ஓடும் பழைய முறிவுகள் எப்போதாவது ஒருமுறை சறுக்குகின்றன. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பக்கம் அப்படி ஒரு சறுக்கல். அளவு ஏறக்குறைய 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. கோயம்புத்தூருக்குக் கிழக்கே 150 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் கொல்லிக்கு மட்டும் அது தெரியாமல் போயிருக்காது.

பழம்பாறை என்பதால் பயமில்லை என்ற நம்பிக்கை 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூரில் உடைந்தது. ஆபத்து மிகக் குறைந்தது என்று வகுக்கப்பட்டிருந்த ஒன்றாம் மண்டலத்தில், இரவு தூக்கத்தில், கல்லும் மண்ணும் அடுக்கிய கனத்த சுவர்களின் கீழ் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2002இல் கட்டட விதிநூலைத் திருத்தியபோது ஒன்றாம் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டன. பூமி மாறிவிடவில்லை. பூமியைப் பற்றிய நம் ஞாபகம்தான் திருத்தப்பட்டது.

பரணருக்கு நிலம் கிளர்ந்த அநுபவம் இருந்ததா, அது வெறும் உயர்வுநவிற்சியா என்ற விசாரணையில் எனக்கு அக்கறை இல்லை. நான் கவனிப்பது வினையை. இடிக்குச் சினத்தை ஏற்றிய கவிஞர் நிலத்துக்கு எதையும் ஏற்றவில்லை. அது கோபித்துக்கொள்ளவில்லை, தண்டிக்கவில்லை. கிளர்கிறது, அவ்வளவுதான். இந்த நிதானம் பிறகு தமிழில் நிலைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். மகனைத் தேடித் திரிந்த சோழன் இந்திரவிழாவை மறந்தான். அதனால் புகாரைக் கடல் கொண்டது. இங்கே கடலுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. காரணம் மனிதனின் குற்றம். இறையனார் களவியல் உரையில் முதற்சங்கத்து மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொள்கிறது. அங்கே குற்றம் இல்லை, ஆனால் பெருமை இருக்கிறது. இழந்தது எவ்வளவு பெரிது என்று சொல்வதற்குக் கடல் பயன்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் குமரிக்கண்டம் பேசியவர்கள் எடுத்துக்கொண்டதும் இந்தப் பெருமையைத்தான். கடல் எப்படி வந்தது, வருவதற்குமுன் என்ன செய்தது, பிழைத்தவன் எந்தப் பக்கம் ஓடினான் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

குற்றம் தேடும் பழக்கம் பழம்நூலோடு முடிந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். 1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பெரும்பூகம்பம். 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஒன்பது நாள் கழித்து, ஹரிஜன யாத்திரையில் இருந்த காந்தி, நம் திருநெல்வேலியில் பேசும்போது, அது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். தாகூர் மறுத்தார். ஜடப்பொருளின் நிகழ்வை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு விரோதம். இதே வாதத்தை எதிராளியும் உபயோகிக்கலாம் என்பது அவர் கட்சி. காந்தி அந்த மறுப்பைத் தம் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டார். தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காந்தியின் நோக்கம் உயர்ந்தது. இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் தாகூர் பக்கம். குற்றவாளி கிடைத்துவிட்டால் சுவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. இந்திய நேரம் காலை 6.29க்கு சுமத்திராவுக்கு மேற்கே கடலடி பிளந்தது. அளவு 9.1, பிளவின் நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். கடலின் தரை சில மீட்டர் மேலெழும்பித் தன்மேல் நின்ற நீரைத் தூக்கியது. பரணரின் வினை இங்கே அணி அல்ல, அப்பட்டமான விவரணை: நிலம் கிளர்ந்தது. ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடிய அலை, கரையை நெருங்கி ஆழம் குறையக்குறைய வேகம் இழந்து உயரம் பெற்றது. சோழமண்டலக் கரைக்கு வர அதற்கு இரண்டரை மணி நேரம் போல ஆயிற்று. சென்னையில் பலர் காலையில் அதிர்வை உணர்ந்தார்கள். சில இடங்களில் கடல் உள்வாங்கியது. ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். இலங்கையில் 30,000ஐத் தாண்டியது.

அதே காலையில், மையத்துக்கு வெகு அருகே இருந்த சிமெலுவே தீவில் ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். அலை அங்கே சில நிமிஷங்களில் வந்துவிட்டது. எந்தக் கருவியும் எச்சரிக்கவில்லை. 1907இல் அத்தீவு ஒருமுறை அழிந்திருந்தது. பிழைத்தவர்கள் அதற்கு ஸ்மாங் என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். ஒரு சொல் ஒரு தீவைக் காப்பாற்றியது.

நம்மிடம் கடல்கோள் என்ற சொல் இருந்தது. ஆனால் அது புலவர்களின் சொல். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்கு இத்தனை பெயர் வைத்த கரையில், இந்த அலைக்கு மறுநாள் ஜப்பானியச் சொல்லைக் கடன் வாங்கவேண்டியிருந்தது. ஆழிப்பேரலை என்ற சொல் பரவியது அதற்குப் பிறகுதான்.

சிமெலுவேயோடு ஒப்பிடுவது முழுக்க நியாயமில்லை என்று நண்பர்கள் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். அவர்களுடைய ஞாபகத்துக்கு வயது 97. தாய்லாந்துக் கரையில் மண்ணடுக்குகளைத் தோண்டிப் பார்த்தவர்கள், 2004க்குச் சமமான முந்தைய அலை அங்கே ஏறக்குறைய 600 வருஷத்துக்கு முன் வந்தது என்கிறார்கள். இடையில் 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஒரு பூகம்பம். நாகப்பட்டினத்தில் கடலின் ஏற்ற இறக்கத்தைத் தானே தாளில் வரையும் கருவி அந்த அலையைப் பதிவு செய்தது. அலை சிறியது. கருவியின் தாளில் கோடு விழுந்தது, மொழியில் விழவில்லை. பாட்டி சொல்லும் ஞாபகம் மூன்று தலைமுறை தாங்கும். அறுநூறு வருஷத்தைத் தாங்கவேண்டுமானால் இலக்கியத்தால்தான் முடியும். நம்மிடம் இலக்கியம் இருந்தது, அறுநூறு அல்ல, அதைவிட மூன்று மடங்கு காலத்துக்கு. அது பெருமையைச் சுமந்து வந்தது, பாவத்தைச் சுமந்து வந்தது; கடல் உள்வாங்கினால் ஓடு என்ற ஒற்றை வரியைச் சுமந்து வரவில்லை.

கவிஞன் வானிலை அறிக்கை எழுதவேண்டும் என்றா சொல்கிறாய் என்று கேட்கலாம். இல்லை. அதற்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது; சென்னைக் கடற்கரையைக் காலி செய்தார்கள். அன்று தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததே ஒழிய எழும்பவில்லை, பேரலை வரவில்லை. நான் கேட்பது பார்வையின் சுத்தத்தை. 2004க்குப் பின் நான் படித்த இரங்கற்கவிதைகள் பலவற்றில் கடல் தாயாக இருந்து பேயாக மாறியது, துரோகம் செய்தது, பழிவாங்கியது. இது மணிமேகலையின் காரணத்தையே புதுக்கவிதையின் நடையில் சொல்வது. நவீனம் வடிவத்தில் இருந்தது, பிரக்ஞையில் இல்லை.

அந்தக் கவிதைகளுக்கு எட்டாத விவரங்கள் எத்தனையோ நடந்தன. நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள். அதை அலை செய்யவில்லை. குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டபின் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களுக்கு, மறுபடி கருத்தரிக்க அரசாங்கம் இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்தது. அப்படிப் பிறந்த பிள்ளை யாருடைய இடத்தில் வளர்கிறது என்பது எந்தப் புராணத்திலும் அடங்காத கேள்வி.

பரணரின் தலைவன் நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஞாபகத்தைப் பற்றித்தான் பேசுகிறான்: எது ஆடினாலும் அழியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்கிறான். நம் கரையில் இப்போது அந்த ஞாபகம் இருக்கும் இடம் முகவரிகள். சுனாமி குடியிருப்பு என்று ரேஷன் அட்டையில் எழுதியிருக்கிறது. பஸ்ஸில் அப்படிச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள். 2004இல் பிறந்திராதவர்களும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அந்த வீடுகளை இடித்துக் கட்டும்போது, யாராவது ஒரு தலைவரின் பெயரை அங்கே வைத்துவிடலாம்.